எத்தனை உவாற்று வேண்டும்?

சென்ற பங்குனி மாதத்தில் ஒருநாள் மாலை, எங்கள் ஊரிலுள்ள இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் தம் வீட்டுக்கு ஒருமுறை வந்துபோகுமாறு எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தேன். முன் மண்டபத்தில், மெருகேற்றிய இரண்டு மரப் பெட்டிகள் இடுப்பளவு உயரத்தில் கம்பீரமாக நின்றன. லண்டனில் தொழில் பார்க்கும் மகன் வாங்கி அனுப்பிய உயர்ந்த ரக ஒலிபெருக்கிகள் அவை. சோடியின் விலை பெரியவரின் இரண்டு வருட ஓய்வூதியத்துக்குக் குறையாது என்று வீட்டார் சொன்னார்கள். அவை வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஆயினும் வலப்பக்கத்துப் பெட்டியில், உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் டுவீற்றர் அன்று காலை ஊமையாகிவிட்டது.

இவ்வளவு விலையுயர்ந்த பொருள் இந்த வீட்டுக்கு ஏன் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். பெரியவரின் தமையனார் இசைப்பித்தர். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிப்பதிவுக் கருவியைச் சைக்கிளில் கட்டிச் சென்று, விடிய விடிய நாதஸ்வரக் கச்சேரிகளைப் பதிந்து வந்தவர். அவற்றுள் ஏழு நாடாக்கள் எஞ்சின. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் அவற்றில் இருக்கிறது. 1933 இல் பிறந்து, நாற்பத்திரண்டு வயது நிரம்புமுன்னரே 1975 இல் மறைந்துபோன அந்த மேதையின் வாசிப்பை நேரிற் கேட்டவர்கள் இன்று எத்தனை பேர்? தமையனாரும் இப்பொழுது இல்லை. 1995 இல் இடம்பெயர்ந்தபோது மாற்றுடையோடு பெரியவர் சுமந்து சென்றது இந்த நாடாக்களையே. மகன் அவற்றை லண்டனுக்கு எடுத்துச் சென்று, கணினியில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அந்தத் தவிலை அது ஒலித்தபடியே கேட்கவேண்டும் என்பதுதான் பெரியவரின் ஆசை.

ஒலிபெருக்கிகளை எதனோடு இணைத்தீர்கள் என்று கேட்டேன். முன்பு வீட்டிலிருந்த சிறிய கருவியொன்றைக் காட்டினார். குமிழ் வலப்புற எல்லையிலேயே நின்றது.

“தம்பி, இது காணாது போலக் கிடக்கு. ஆயிரம் வாற் உள்ளதொண்டை வாங்கினால் இந்தக் கரைச்சல் தீருமோ?” என்றார்.

அன்று நான் சொன்ன மறுமொழியைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் இத்தகைய பெட்டிகளை அனுப்புவது இக்காலத்தில் அரிதன்று. அவற்றை இயக்கும் கருவியை இங்கே தேடும்பொழுதுதான் பலர் தவறுகிறார்கள்.

முதலிற் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். கோயில் வீதியில் நாம் ஒலிபெருக்கி என்று சொல்லும்போது மரத்திற் கட்டிய குழலையும், கொட்டகைக்குள் இருக்கும் பெட்டியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். இக்கட்டுரையில் ஒலிபெருக்கி என்பது சத்தம் வெளிவரும் பெட்டியை மட்டும் குறிக்கும். மெலிந்த மின்குறியை வலுப்படுத்தி அதற்கு ஊட்டும் கருவியைக் கடைக்காரர் அம்பிளிபயர் என்பார். நம் மாணவர்களின் பௌதிகவியல் நூல் விரியலாக்கி என்கிறது. நூலின் சொல்லையே நானும் எடுத்துக்கொள்கிறேன்.

சிறிய விரியலாக்கி பெரிய ஒலிபெருக்கியை எரித்துவிடுமா? எரிக்காது என்பதுதான் பொது நம்பிக்கை. பெரியவரும் அப்படியே நம்பினார். உண்மையில், வலு குறைந்த கருவியைத் தன் எல்லைக்கு அப்பால் ஓட்டுவதுதான் டுவீற்றருக்கு நேரும் பெரும் ஆபத்துகளுள் ஒன்று. விரியலாக்கியின் உள்ளே உள்ள மின்வழங்கலுக்கு ஓர் உச்ச வோல்ற்றளவு உண்டு. இசையின் அலை அதற்கு மேலே எழ முயன்றால், முகடுகள் கத்தரிக்கப்பட்டுத் தட்டையாகிவிடும். உருண்டையான சைன் அலை சதுர அலையை நோக்கி மாறுகிறது. ஒரே உயரமுள்ள சைன் அலையிலும் சதுர அலை இரண்டு மடங்கு வலுவைச் சுமக்கிறது என்பதை உயர்தர வகுப்பு மாணவர் கணித்தே காட்டலாம். அத்தோடு நின்றால் பரவாயில்லை. அந்த வெட்டுண்ட விளிம்புகளிலிருந்து, மூல இசையில் இல்லாத உயர் மீடிறன்கள் பிறக்கின்றன. உயர் மீடிறன்கள் யாவும் போய்ச்சேரும் இடம் டுவீற்றரே. அதன் சுருளோ தலைமயிர் போன்ற மெல்லிய கம்பி. ஓயாமல் சில உவாற்று வெப்பத்தைத் தாங்குவதற்கே செய்யப்பட்டது. ஒன்பதாம் நாள் அது அற்றுப்போனதில் வியப்பில்லை.

அப்படியானால் ஆயிரம் உவாற்று வேண்டியதுதானே என்று வாசகர் கேட்கலாம். இதற்கு விடை ஒலிபெருக்கியோடு வந்த சிறு நூலில் இருக்கிறது. படங்களைப் பார்த்துவிட்டு நாம் மூடிவைத்துவிடும் அந்த நூலின் கடைசிப் பக்கத்தில் இரண்டு எண்களைத் தேடவேண்டும்.

முதலாவது, உணர்திறன். 2.83 வோல்ற்றை ஊட்டினால் ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை தெசிபெல் சத்தம் எழும் என்பதை இது சொல்கிறது. 8 ஓம் தடையில் 2.83 வோல்ற்று என்பது சரியாக 1 உவாற்று. தெசிபெல் கணக்கு நம் வீட்டுக் கணக்குப் போன்றதன்று. வலுவை இரட்டித்தால் 3 தெசிபெல்தான் கூடும். 10 தெசிபெல் கூட்டவேண்டுமானால் வலு பத்து மடங்காகவேண்டும்; அப்படிக் கூட்டியும் நம் செவிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகவே படும். 50 உவாற்றுக் கருவியை விட்டு 100 உவாற்றுக் கருவிக்கு மாறுபவர், பணத்தை இரட்டித்து, காதிற் சற்றே தெரியும் ஒரு வேறுபாட்டை வாங்குகிறார்.

ஒலிபெருக்கிகளுக்கிடையே உள்ள உணர்திறன் வேறுபாடு இதனிலும் மிகப் பெரிது. பி.பி.சி. நிறுவனம் எழுபதுகளின் தொடக்கத்தில், வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளில் வைப்பதற்கென்று எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு பெட்டியை வடிவமைத்தது. இசை வல்லுநர் இன்றும் போற்றும் பெட்டி அது. ஆனால் அதன் உணர்திறன் 83 தெசிபெல் அளவே. அமெரிக்காவில் போல் கிளிப்ஷ் நாற்பதுகளில் ஆக்கிய, அறையின் மூலையில் நிற்கும் கிளிப்ஷ்ஹோணுக்கு 105 என்று அதைச் செய்வோர் குறிப்பிடுவர். வேறுபாடு 22 தெசிபெல். அதாவது, ஒன்று 1 உவாற்றில் எழுப்பும் சத்தத்தை மற்றது எழுப்புவதற்கு நூற்றைம்பது உவாற்றுக்கு மேல் வேண்டும். எத்தனை உவாற்று என்ற கேள்விக்கு ஒலிபெருக்கியின் பெயரைக் கேளாமல் விடை சொல்பவரிடம் எதையும் வாங்காதிருப்பது நல்லது.

பெரியவரின் பெட்டியில் 86 தெசிபெல் என்றிருந்தது. அவருடைய சாய்மனைக் கதிரை பெட்டிகளிலிருந்து 3 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. திறந்த வெளியானால் அத்தூரத்தில் 9½ தெசிபெல் குறைந்துவிடும். இரண்டு பெட்டிகள் சேர்ந்து ஒலிப்பதாலும், சீமெந்துத் தரையும் சுவர்களும் ஒலியைத் திருப்பி அனுப்புவதாலும் ஒரு பகுதி மீள்கிறது. நிகர இழப்பு 4 என்று வைத்தோம். ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் 1 உவாற்று ஊட்டினால் கதிரையில் 82 தெசிபெல். அமைதியாகக் கேட்பதற்கு இதுவே தாராளம்! வீட்டில் நாம் கேட்கும் நேரத்தின் பெரும்பகுதி 1 உவாற்றுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

ஆனால் தவில் சராசரியில் வாழும் வாத்தியமன்று. தொப்பியில் விழும் கழியின் ஓர் அடி, கண நேரத்தில் சராசரிக்கு மேலே 15, 20 தெசிபெல் எழுந்து மறையும். (பழைய நாடா தானே உச்சங்களைச் சிறிது நசுக்கியிருக்கும், அதற்கு எக்கருவியாலும் பரிகாரம் இல்லை.) உச்சத்தில் 100 தெசிபெல்லை எட்டவேண்டுமென்று கொண்டால், 82 இலிருந்து 18 மேலே போகவேண்டும். 18 தெசிபெல் என்பது 63 மடங்கு. ஆகவே 60 உவாற்றை ஒட்டிய கருவி போதும். அவரிடமிருந்த 20 உவாற்றுக் கருவி 95 இலேயே மூச்சடைத்து நின்றுவிடும். இப்பொழுது தமக்குத் தேவையான எண்ணை வாசகரே கணித்துக்கொள்ளலாம். கடதாசியும் பென்சிலும் போதும்.

நிற்க. இரண்டாவது எண்தான் கடைக்காரர்கூடப் பெரும்பாலும் கவனியாதது: தடங்கல். பெட்டியின் பின்னால் 8 ஓம் என்று ஒட்டியிருப்பது பெயரளவிலான எண்ணே. ஒலிபெருக்கி ஒரு வெறுந் தடையன்று. அதில் சுருள் உண்டு, கொள்ளளவிகள் உண்டு, அசையும் கூம்பின் பரிவு உண்டு. ஆதலால் மீடிறனுக்கேற்ப அதன் தடங்கல் மலையும் மடுவுமாக ஏறி இறங்கும். ஓரிடத்தில் 30 ஓம் இருக்கலாம். இன்னோரிடத்தில் 3 ஓமுக்கு விழலாம். பெரியவரின் சிறு நூலில், மிகச் சிறிய எழுத்தில், ‘குறைந்தபட்சம் 3.2’ என்றிருந்தது.

இதன் பொருளை ஓமின் விதியே சொல்லிவிடுகிறது. 8 ஓமில் 60 உவாற்று என்றால் வோல்ற்றளவு ஏறத்தாழ 22. ஓட்டம் 2¾ அம்பியர். அதே 22 வோல்ற்றை 3.2 ஓமில் நிலைநிறுத்த ஏறத்தாழ 7 அம்பியர் வேண்டும். அந்த ஓட்டத்தை வழங்க முடியாத கருவி, தகட்டில் எத்தனை உவாற்றை எழுதியிருந்தாலும், அந்தச் சுரங்கள் வரும்போது தளர்ந்துவிடும், அல்லது காப்பமைப்பு இயங்கி நின்றுவிடும். இதைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. நல்ல கருவியின் விபரத் தாளில் 8 ஓமுக்கும் 4 ஓமுக்கும் தனித்தனியே வலுவைக் குறித்திருப்பார்கள். 8 இல் 60 என்றிருப்பது 4 இல் 100 ஐத் தாண்டி, 120 ஐ நெருங்குமானால் மின்வழங்கல் திடமானது. 8 இல் 100, 4 இல் 110 என்றிருந்தால் அது தலைப்பாகைக்கேற்ற தலையன்று. 4 ஓமைப் பற்றி ஒன்றுமே எழுதாதிருந்தால் அந்த மௌனத்தையே விடையாகக் கொள்ளலாம்.

1978 இல் வெளிவந்த என்.ஏ.டி. 3020 என்ற சிறு கருவி இவ்விடயத்தில் ஒரு சரித்திரச் சான்று. தகட்டில் 20 உவாற்று மட்டுமே, தோற்றத்திலும் அழகில்லை. ஆயினும் தடங்கல் குறைந்த ஒலிபெருக்கிகளுக்குக் கண நேர ஓட்டத்தைத் தயங்காமல் கொடுத்ததனால், தன்னிலும் பெரிய எண்களைச் சுமந்த கருவிகளை அது வெட்கப்படச் செய்தது.

மறுபுறத்தில் வலு மிஞ்சியும் கெடுத்ததுண்டு. இங்கிலாந்தில் பீற்றர் உவோக்கர் 1957 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் நிலைமின் ஒலிபெருக்கி, அவருடைய 15 உவாற்று வால்வுக் கருவிக்கென்றே பிறந்தது. பிற்காலத்து வலிய கருவிகளோடு அதை அவதானமின்றி இணைத்தவர்கள், உள்ளே மின்பொறி பாய்ந்து தகடு துளைபட்டதைக் கண்டார்கள். சிறு நூலில் ‘இத்தனை முதல் இத்தனை உவாற்று வரை’ என்று எழுதியிருப்பதை மேல் எல்லையிலும் மதிக்கவேண்டும்.

ஆயிரம் உவாற்று என்ற சோதரமான எண் எங்கிருந்து வருகிறது? கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சிறு இசைக் கருவிகளின் நெற்றியில் ‘1000 வாற் பி.எம்.பி.ஓ.’ என்று மின்னும் எழுத்தில் ஒட்டியிருப்பதைக் காண்கிறோம். அக்கருவியைத் திருப்பி, பின்புறத் தகட்டைப் படியுங்கள். மின்நுகர்வு 30 உவாற்று என்று அங்கே அடக்கமாகப் பொறித்திருக்கும். சுவரிலிருந்து 30 ஐ வாங்கி, காற்றுக்கு 1000 ஐக் கொடுக்கும் பொறியைச் செய்தவருக்கு நோபல் பரிசையல்லவா கொடுக்கவேண்டும்! இத்தகைய விளம்பரங்கள் எல்லை மீறியதனால், அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 1974 இல் ஒரு விதியை வகுத்தது: வலு என்று சொன்னால் அது தொடர்ச்சியான வலுவாக இருக்கவேண்டும், எத்தனை ஓமில், எம்மீடிறன் எல்லைக்குள், எவ்வளவு திரிபோடு என்பனவும் கூறப்படவேண்டும். கடையில் நாம் கேட்கவேண்டிய கேள்விகளும் இவையே.

விபரத் தாளில் ‘தணிப்புக் காரணி’ என்று இன்னோர் எண்ணும் காணப்படும். இதைப் பற்றி நான் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க அழகிய சோதனை ஒன்று இதிலுண்டு. ஆய்வுகூடத்துக் கல்வனோமானியைத் தூக்கிச் செல்லும்போது அதன் முனைகளை ஒரு கம்பியால் இணைத்துவிடுவோம். ஊசியின் துள்ளல் அடங்கிவிடும். அசையும் சுருள் தானே மின்னியற்றியாகி, தன் ஓட்டத்தாலேயே தன்னைத் தடுத்துக்கொள்கிறது. ஒலிபெருக்கியின் கூம்பும் அவ்வாறே. எதனோடும் இணைக்காத பழைய ஒலிபெருக்கியொன்றின் பெரிய கூம்பை விரல் நுனியால் மெதுவாகத் தட்டுங்கள். ‘பொம்’ என்று நீளும். பின் முனைகளிரண்டையும் சிறு கம்பியால் தொடுத்துவிட்டுத் தட்டுங்கள். ‘டப்’ என்று சட்டென நிற்கும். (டுவீற்றரில் விரல் வைக்கவே கூடாது.) நல்ல விரியலாக்கி அந்தக் கம்பியின் வேலையைச் செய்கிறது. ஆனால் 20 ஐத் தாண்டிய தணிப்புக் காரணி 200 ஆயினும் 1000 ஆயினும் காதுக்கு வேறுபாடில்லை. ஏனெனில் சுருளின் சொந்தத் தடையான ஐந்தாறு ஓம் எப்பொழுதும் இடையில் நிற்கிறது. அந்தப் பெரிய எண்ணுக்காக ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் துணிபு. வால்வுக் கருவிகளில் இக்காரணி மிகக் குறைவு. ஆகவே, தடங்கல் மலையும் மடுவுமாக உள்ள பெட்டியை அவற்றோடு இணைத்தால் இசையின் நிறமே சிறிது மாறும். அந்த மாற்றத்தை விரும்புவோரும் உண்டு. நான் அவர்களோடு வழக்காடுவதில்லை.

கடையில் இரண்டு கருவிகளை ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1 தெசிபெல் கூடுதலாக ஒலிப்பது, சத்தம் கூடியதாகத் தோன்றாமல், ‘தெளிவு’ கூடியதாகத் தோன்றும். விற்பவர் தம் கை போன போக்கில் குமிழைத் திருப்பிவிட்டு, “எப்படி?” என்று கேட்பார். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, எது ஒலிக்கிறது என்று தெரியாதபடி கேட்டால், ஒலிபெருக்கிக்குப் பொருந்திய இரண்டு நல்ல கருவிகளை வேறுபடுத்துவது மிகக் கடினம். ஆதலால், விரியலாக்கிக்கென்று ஒதுக்கிய பணத்தில் மிச்சம் வந்தால், அதைச் சீமெந்துத் தரையில் விரிக்க ஒரு தடித்த கம்பளத்துக்குச் செலவிடலாம்.

நம் நாட்டுக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. யப்பானில் பாவித்த நல்ல கருவிகள் இங்கே மலிவாகக் கிடைக்கின்றன. அவை 100 வோல்ற்றுக்கு ஆனவை, நம்முடையதோ 230. தகுந்த படிகுறை நிலைமாற்றி இன்றிச் செருகினால் ஒரு நொடியில் புகைந்துவிடும். அதுபோல, விரியலாக்கியைக் கதவு பூட்டிய அலுமாரிக்குள் வைக்கவும் கூடாது, வெப்பம் வெளியேறவேண்டும். காற்றுத் துவாரங்கள் வழியே பல்லியும் எறும்பும் குடிபுகுவது வெளிநாட்டு நூல்களில் எழுதப்படாத ஆபத்து.

பெரியவரின் மகனுக்கு எழுதினோம். டுவீற்றர் ஒன்று தபாலில் வந்தது. கொழும்பில் தெரிந்தவர் மூலமாக, ஒருவர் பாவித்து விற்ற கருவியொன்று அகப்பட்டது: 8 ஓமில் 70 உவாற்று, 4 ஓமில் 120, இரண்டு சானலும் ஒருங்கே இயங்குகையில், 230 வோல்ற்று, தூக்க இருவர் வேண்டியிருந்தது. (பாரமே தரம் என்று இதனாற் கொள்ளவேண்டாம். மின்துடிப்பு முறையில் இயங்கும் இக்காலத்து டி வகுப்புக் கருவிகள் இதே வலுவை ஒரு கைக்குள் அடங்கும் பாரத்தில் தருகின்றன. பழுதுபார்க்க உள்ளூரில் ஆளிருக்கவேண்டும் என்பதற்காகவே நாங்கள் பழைய முறையைத் தேர்ந்தோம்.)

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மூன்றாம் நாடாவை இயக்கினோம். முதலில் நாடாவின் இரைச்சல். பின்னர் தூரத்தில் யாரோ ஒரு குழந்தையை அதட்டும் குரல். அதன் பின் தவில். பெரியவர் கதிரையிற் சாயாமல் நிமிர்ந்தே இருந்தார். தனி முடிந்ததும், பதிவுக் கருவிக்கு அருகில் ஒருவர் இருமும் சத்தம் கேட்டது. “அது அண்ணை” என்றார்.

எரிந்த டுவீற்றரை அவரிடம் கேட்டு வாங்கி வந்தேன். அது இப்பொழுது எங்கள் ஆய்வுகூட மேசையில் இருக்கிறது. மாணவர்கள் ஓம்மானியை அதன் முனைகளில் வைத்துப் பார்க்கிறார்கள்; ஊசி அசைவதில்லை.